சாக்லெட்டில் கொக்கோ எவ்வளவு?

பிறையில் உள்ள பலசரக்குக் கடையொன்றில் அண்மையில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்திருந்த ஓர் அம்மையார், கைக்கு ஒன்றாக இரண்டு சாக்லெட் கட்டிகளைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். இரண்டும் ஒரே எடை. இரண்டின் உறையிலும் ஒரே பழுப்பு நிறம். ஆனால் ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு இருந்தது. பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்கு எதை வாங்குவது என்று அவருக்கு விளங்கவில்லை.

“ஐயா, இரண்டும் சாக்லெட்தானே? பின் ஏன் இந்த வித்தியாசம்?” என்று அவர் நம்மைக் கேட்டார். கடைக்காரர், “அது உசத்தி, இது சாதா” என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குச் சாமான் நிறுக்கப் போய்விட்டார்.

உசத்தி, சாதா என்ற சொற்கள் விடையாகா. உழைத்துச் சம்பாதித்த பணத்தைக் கொடுப்பவர், எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்க வேண்டும். ஆகவே, சாக்லெட் என்பது யாது, அதன் வகைகள் யாவை, கொக்கோவிலிருந்து வரும் மற்றப் பொருள்கள் எவை, அவற்றை எப்படி இனங்கண்டு வாங்குவது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

பாலுக்கு ஒரு கணக்கு

ரப்பர்த் தோட்டத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஏனெனில், இதற்குரிய அளவுகோல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.

காலையில் மரம் சீவி, மங்கிலிருந்து எடுத்த பாலை வாளியில் சுமந்து நிறுக்கும் இடத்திற்குக் கொண்டு செல்கிறோம். அங்கே பாலின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுவதில்லை. அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்க விடுகிறார்கள்; அல்லது சிறிதளவு பாலை எடுத்து உறைய வைத்து, உலர்த்தி நிறுக்கிறார்கள். பத்துக் கிலோ பாலில் காய்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்றால், கணக்கில் ஏறுவது மூன்று கிலோதான். மீதி நீர். மழை பெய்து மங்கில் நீர் சேர்ந்தால் வாளி நிறையும், கணக்கு நிறையாது.

சாக்லெட்டையும் இவ்வாறே பார்க்க வேண்டும். நூறு கிராம் கட்டி ஒன்றில் கொக்கோ எவ்வளவு? மீதி என்ன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அந்த அம்மையாரின் ஐயம் தீர்ந்துவிடும்.

காயிலிருந்து கொட்டை வரை

கொக்கோ மரம் தென்னமெரிக்க வெப்பமண்டலக் காடுகளுக்கு உரியது. நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. அதனால்தான் நம் நாட்டில் பேராக் மாநிலத்துப் பாகான் டத்தோ வட்டாரத்திலும் சிலாங்கூரின் மேற்குக் கரையோரத்திலும் தென்னைகளுக்கு இடையே அதை நட்டார்கள். தமிழகத்தின் பொள்ளாச்சிப் பகுதியிலும் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது வளர்கிறது. பூவும் காயும் கிளை நுனியில் தோன்றாமல், பலாவைப் போல அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு தோன்றும்.

ஒரு காயினுள் முப்பது நாற்பது கொட்டைகள், இனிப்பும் புளிப்பும் கலந்த வெண்ணிறச் சதை சூழ இருக்கும். ஒரு கிலோ காய்ந்த கொட்டை கிடைக்க ஏறத்தாழ இருபது முதல் முப்பது காய்கள் வேண்டும்.

பச்சைக் கொட்டையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும் தவிர வேறு சுவை இராது. சாக்லெட்டின் மணம் அதில் இல்லை. அந்த மணத்திற்கு வித்திடுவது புளிக்கவைக்கும் வேலை. கொட்டைகளைச் சதையோடு மரப்பெட்டிகளில் குவித்து, வாழை இலையாலோ சாக்காலோ மூடி, ஐந்தாறு நாள் வைத்திருப்பார்கள். இடையிடையே கிளறிவிடுவார்கள். சதை புளித்து வழிந்தோடும், குவியலின் உள்ளே சூடு 45 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும், முளை மடியும், கொட்டையினுள் மாற்றங்கள் நிகழ்ந்து கசப்பு தணியும். பிறகு வெயிலிலோ உலர்த்தும் கொட்டகையிலோ ஈரம் ஏழெட்டு விழுக்காட்டிற்கு இறங்கும் வரை காயவைத்து மூட்டை கட்டுவார்கள்.

பாலை உறைய வைப்பதிலும் ‘சீட்’டைப் புகையூட்டுவதிலும் தவறு நேர்ந்தால் தரம் இறங்குவது போலவே, புளிக்கவைப்பதில் தவறினால் கொக்கோவின் தரம் இறங்கிவிடும். பின்னால் எந்த ஆலையாலும் அதைச் சரிசெய்ய இயலாது. மலேசியக் கொட்டைகளில் புளிப்பு மிகுதி என்ற குறை ஒரு காலத்தில் வாங்குவோரிடையே இருந்தது. காய்களைப் பறித்தவுடன் உடைக்காமல் சில நாள் வைத்திருந்து பின் உடைத்தால் அந்தப் புளிப்புக் குறையும் என்று நம் நாட்டு ஆராய்ச்சிகள் காட்டின.

ஆலையில் பிரியும் மூன்று பொருள்கள்

ஆலைக்கு வந்த கொட்டையை வறுத்து, உடைத்து, மேல்தோலை ஊதி நீக்குவார்கள். எஞ்சும் பருப்பில் பாதிக்கும் மேல் கொழுப்பு. அதை அரைத்தால் மாவு ஆகாது. நிலக்கடலையை அரைத்தாற்போலக் குழம்பாகிவிடும். இந்தக் குழம்பே கொக்கோ விழுது. ஆறினால் கட்டியாக உறையும்.

இந்த விழுதை ஆழுத்தும் பொறியில் இட்டுப் பிழிந்தால் இளமஞ்சள் நிறக் கொழுப்பு வடியும். அது கொக்கோ வெண்ணெய். பிழிந்தபின் நிற்கும் பிண்ணாக்கை இடித்துச் சலித்தால் கிடைப்பது கொக்கோத் தூள். 1828ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் இப்பிழியும் முறைக்கு உரிமை பெற்றார்கள். அதற்கு முன் கொக்கோ என்பது பெரும்பாலும் கொழுப்பு மிதக்கும் ஒரு பானமாகவே இருந்தது.

விழுது, வெண்ணெய், தூள் ஆகிய இம்மூன்றையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கடையில் நாம் காணும் அத்தனை வகைகளும் இம்மூன்றில் எது சேர்ந்தது, எது விடுபட்டது, விடுபட்டதற்குப் பதில் எது வந்தது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. மூன்றனுள் பெரும்பாலும் விலை மிக்கது வெண்ணெய். வாயிலிட்டதும் சாக்லெட் கரைந்து வழுக்கிச் செல்வதற்கு அதுவே காரணம். அது ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். நம் உடற்சூடு 37 பாகை. ஆகவே மேசைமீது கட்டியாக இருப்பது நாவில் நீராகிறது.

சாக்லெட்டின் வகைகள்

உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், இன்ன அளவு கொக்கோ இருந்தால்தான் ஒன்றை இன்ன சாக்லெட் என்று அழைக்கலாம் என உலகத்திற்குப் பொதுவான தரங்களை வகுத்துள்ளது. அவற்றை ஒட்டி முதன்மையான வகைகளைக் காண்போம்.

முதலாவது கருஞ்சாக்லெட். கொக்கோ விழுது, சீனி, மேற்கொண்டு சிறிது கொக்கோ வெண்ணெய் ஆகியவை சேர்ந்தது. இதில் நூற்றுக்கு 35 பங்காவது கொக்கோ இருக்க வேண்டும்; அதில் 18 பங்காவது வெண்ணெயாக இருக்க வேண்டும். சில உறைகளில் 70 விழுக்காடு என்று போட்டிருப்பார்கள். நூறு கிராமில் எழுபது கிராம் கொக்கோவிலிருந்து வந்தது என்பது அதன் பொருள். மீதி முப்பது கிராமில் பெரும்பகுதி சீனி. எண் உயர உயரக் கசப்பு ஏறும், சீனி இறங்கும். மாவுக் கலவையை அரைத்துக் கட்டியாக வார்த்துத் தின்னும் சாக்லெட்டாக 1847ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரைஸ் நிறுவனம் வெளியிட்டது.

இரண்டாவது பால் சாக்லெட். குழந்தைகள் விரும்புவது இதுவே. விழுது, வெண்ணெய், சீனியோடு பால் மாவு சேரும். கொக்கோ 25 பங்கும் பாலின் திடப்பொருள் 12 முதல் 14 பங்கும் இருந்தால் போதும். எஞ்சுவதில் பெரும்பகுதி சீனி. நாற்பது கிராம் கட்டி ஒன்றில் குறைந்த அளவுப்படி பார்த்தால் கொக்கோ பத்துக் கிராம்தான். சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் டேனியல் பீட்டர் என்பவர் 1875ஆம் ஆண்டளவில் இதைச் செய்து காட்டினார். பாலில் உள்ள நீர் கொக்கோவோடு சேராமல் கெட்டுப்போவதே அதுவரை இருந்த இடையூறு. நீரை வற்றச் செய்த பால் அந்த இடையூற்றைத் தீர்த்தது. நீர் வற்றிய அதே சுவிஸ் பாலை டின்னில் அடைத்து விற்ற ஆங்லோ-சுவிஸ் நிறுவனம் 1912ஆம் ஆண்டில் பினாங்கில் கடை விரித்தது. பின்னாளில் நெஸ்லே மலேசியாவாக வளர்ந்தது அதுவே.

மூன்றாவது வெண்சாக்லெட். இதில் விழுதும் இல்லை, தூளும் இல்லை. கொக்கோ வெண்ணெய், பால் மாவு, சீனி மட்டுமே. பழுப்பு நிறம் இல்லாததற்குக் காரணம் இதுதான். வெண்ணெய் 20 பங்காவது இருந்தால்தான் அப்பெயருக்குத் தகும்.

நான்காவது பூச்சுச் சாக்லெட். கேக்குகள் மீதும் பழங்கள், கொட்டைகள் மீதும் மெல்லிதாகப் பூசப் பயன்படுவது. மெல்லிதாக ஓட வேண்டும் என்பதற்காக இதில் கொக்கோ வெண்ணெய் 31 பங்குக்குக் குறையாது. விலையும் அதற்கேற்ப உயரும்.

ஐந்தாவது கலவைச் சாக்லெட். நம் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இதுவாதலால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் கொக்கோத் தூள் உண்டு, சீனி உண்டு. ஆனால் கொக்கோ வெண்ணெயின் இடத்தில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுத்த கொழுப்பு. அது கொக்கோ வெண்ணெயைவிட மலிவு. நம் வெயிலில் எளிதில் இளகாதபடி அதைப் பக்குவப்படுத்தவும் முடியும். உருக்கி ஊற்றவும் தனித்திறன் வேண்டுவதில்லை. கேக்கு செய்வதற்கென்று கட்டியாக விற்கப்படும் மலிவான சாக்லெட், பிஸ்கட்டின் மேற்பூச்சு, ஐஸ்கிரீமின் மேற்பூச்சு, ‘சாக்லெட் ரைஸ்’ என்று நாம் சொல்லும் சிறு மணிகள் ஆகியவற்றுட் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

கலவைச் சாக்லெட் கலப்படம் ஆகாது, நஞ்சும் ஆகாது. உறையில் உண்மையை எழுதி விற்கும் வரை அதில் குற்றம் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு வீட்டில் பிஸ்கட் சுட்டு மேலே பூச அது போதுமானது. ஆனால் அதற்கு அதற்குரிய விலைதான் கொடுக்க வேண்டும். கொக்கோ வெண்ணெய்க்கு உரிய விலையைச் செம்பனைக் கொழுப்புக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதே ஏமாற்றம்.

கொக்கோவின் மற்றப் பொருள்கள்

சாக்லெட் கட்டி எப்போதாவது வாங்கும் பொருள். நாள்தோறும் நம் வீடுகளில் புழங்குவது கொக்கோ கலந்த பானங்களே. இவற்றிலும் மூன்று வகை உண்டு.

சீனி சேராத தூய கொக்கோத் தூள் ஒன்று. டின்னைத் திறந்து நாவில் இட்டால் கசக்கும். சீனியை நாம் விரும்பும் அளவில் சேர்த்துக்கொள்ளலாம். காரம் சேர்த்துப் பதப்படுத்தியது கருமையாகவும் கசப்புக் குறைந்தும் இருக்கும். பதப்படுத்தாதது செந்நிறம் காட்டும். வெந்நீரில் நேராகப் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். ஆதலால் ஒரு தேக்கரண்டித் தூளைச் சிறிது வெந்நீரில் குழைத்துக்கொண்டு, பின்னர் சூடான பாலை ஊற்றிக் கலக்க வேண்டும்.

குடிக்கும் சாக்லெட் என்று விற்கப்படுவது மற்றொன்று. இது கொக்கோத் தூளோடு சீனி கலந்தது. பலவற்றில் சீனியே மிகுதி.

மூன்றாவது மால்ட் பானம். மைலோ முதலிய பெயர்களில் நம் நாட்டில் இல்லாத வீடே இல்லை எனலாம். முளைகட்டிய பார்லியின் சாறு, பால் மாவு, சீனி, கொக்கோ ஆகியவை சேர்ந்தது இது. சாக்லெட் மணம் வீசுவதால் பலர் இதைக் கொக்கோ என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் கொக்கோ இதில் ஒரு கூறு மட்டுமே. பாலும் தானியமும் இருப்பதால் சத்தில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளி செல்லும் பிள்ளைக்கு மூன்று கரண்டி மாவோடு, இனிப்புப் பாலும் ஊற்றி, மேலும் ஒரு கரண்டி சீனியும் இட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அங்கே சத்துப் பானம் சீனிப் பானம் ஆகிவிடுகிறது.

ரொட்டியில் தடவும் சாக்லெட் குழைவும் இங்கே குறிக்கத்தக்கது. இவ்வகைக் குழைவுகள் பெரும்பாலானவற்றில் முதலிடம் சீனிக்கும், அடுத்த இடம் செம்பனை எண்ணெய்க்கும் உரியன. கொக்கோ சில பங்குகளே.

பிறையும் சீனியும்

சாக்லெட்டின் கதையில் சீனி இத்தனை இடங்களில் குறுக்கிடுவதால், பிறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது பொருந்தும். நம் நாட்டின் முதல் சீனி சுத்திகரிப்பு ஆலை 1964ஆம் ஆண்டில் பிறையில்தான் இயங்கத் தொடங்கியது. மலாயன் சுகர் நிறுவனத்தின் அந்த ஆலை, கப்பலில் வந்த கச்சாச் சீனியை வெள்ளைச் சீனியாக்கி நாடெங்கும் அனுப்பியது.

அதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்து மண் சீனியை அறிந்திருந்தது. இன்றைய செபராங் பிறை, வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட 19ஆம் நூற்றாண்டில், பத்து காவான், நிபோங் திபால் முதலிய இடங்களில் கரும்புத் தோட்டங்கள் பரந்திருந்தன. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரில் முதன்முதல் வந்தவர்கள் வெட்டியது ரப்பர் மரம் அன்று, கரும்புதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை உயர்ந்தபோது கரும்பு நின்ற நிலங்களில் ரப்பர்க் கன்றுகள் ஏறின. ஒப்பந்தக் கூலி முறையும் 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. விலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பயிர் மாறும் என்பதை இந்த வட்டாரம் முன்னரே கண்டுவிட்டது.

கொக்கோ வந்ததும் போனதும்

கொக்கோவுக்கும் அதே கதைதான் நேர்ந்தது. 1950களில் திரங்கானுவின் ஜெராங்காவிலும் சபாவின் தாவாவ் அருகே குவாயின் ஹில் ஆராய்ச்சி நிலையத்திலும் தொடங்கிய சோதனைப் பயிர், 1970களின் பிற்பகுதியில் விலை உயர்ந்ததும் வேகமாகப் பரவியது. 1989ஆம் ஆண்டில் நாட்டில் நான்கு இலட்சம் ஹெக்டருக்கு மேல் கொக்கோ நின்றது. அவ்வாண்டிலேயே மலேசியக் கொக்கோ வாரியமும் அமைக்கப்பெற்றது. 1990ஆம் ஆண்டின் விளைச்சல் 2,47,000 டன். உலகின் முன்னணி நாடுகளுள் மலேசியாவும் ஒன்றாக நின்றது.

பின்னர் உலக விலை சரிந்தது. காயைத் துளைக்கும் புழு 1980ஆம் ஆண்டில் சபாவில் தோன்றி, சில ஆண்டுகளில் தீபகற்பத்திற்கும் வந்தது. காய் பறிக்கவும் உடைக்கவும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. செம்பனை அதிக வருவாய் தந்தது. ஆகவே கொக்கோ மரங்கள் சாய்க்கப்பட்டன. 2020க்குப் பின் நம் நாட்டின் ஆண்டு விளைச்சல் ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை.

ஆனால் ஆலைகள் நிற்கவில்லை. கானா, ஐவரி கோஸ்ட், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து கொட்டையை வரவழைத்து, ஆண்டுக்கு மூன்று இலட்சம் டன்னுக்கு மேல் அரைத்து, வெண்ணெயாகவும் தூளாகவும் வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடாக மலேசியா விளங்கி வந்துள்ளது. கொக்கோவை விளைவித்த நாடு கொக்கோவை அரைக்கும் நாடாயிற்று.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே மழை தவறியும் மரங்களை நோய் தாக்கியும் விளைச்சல் குன்றியபோது, பல ஆண்டுகளாக டன் ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் அமெரிக்க டாலராக இருந்த விலை, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது. 2025இல் விலை இறங்கினாலும் அந்த ஏற்றம் ஒரு பாடத்தைச் சொல்லிவிட்டுச் சென்றது. மூலப்பொருளின் விலை ஏறும்போது உற்பத்தியாளர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. விலையை உயர்த்தலாம், கட்டியைச் சிறிதாக்கலாம், அல்லது கொக்கோவைக் குறைத்து வேறு கொழுப்பையும் சீனியையும் கூட்டலாம். முதல் வழி நம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, எடையைப் பார்ப்பவருக்குத் தெரியும். மூன்றாவது, உறையைப் படிப்பவருக்கு மட்டுமே தெரியும். அதன் நிறமும் படமும் பெயரும் பழையபடியே இருக்கும்.

உறையைப் படிக்கும் முறை

மலேசியாவில் விற்கப்படும் பொதியுணவின் உறையில், சேர்ந்துள்ள பொருள்களை எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டின் உணவு விதிகளில் உள்ள கட்டளை. முதலில் நிற்பதே அதிகம் உள்ளது. பெரும்பாலும் மலாயில் எழுதியிருக்கும் அந்த வரிசையில் சில சொற்களை அறிந்திருந்தால் போதும்.

‘குலா’ என்றால் சீனி. ‘ஜிசிம் கோக்கோ’ என்றால் கொக்கோ விழுது. ‘மெந்தெகா கோக்கோ’ அல்லது ‘லெமாக் கோக்கோ’ என்றால் கொக்கோ வெண்ணெய். ‘செர்புக் கோக்கோ’ என்றால் கொக்கோத் தூள். ‘லெமாக் சாயூர்’ அல்லது ‘லெமாக் சாயூரான்’ என்றால் தாவரக் கொழுப்பு. ‘பெரிசா’ என்றால் சுவையூட்டி.

விழுதும் கொக்கோ வெண்ணெயும் வரிசையில் இருந்தால் அது சாக்லெட். தாவரக் கொழுப்பு முன்னால் வந்து, கொக்கோத் தூள் மட்டும் பின்னால் நின்றால் அது கலவைச் சாக்லெட். ‘பெரிசா சொக்லாட்’ என்று முன்பக்கம் எழுதியிருந்தால், சாக்லெட்டின் சுவைதான் ஊட்டப்பட்டுள்ளது என்று உணர வேண்டும்.

பான மாவுகளில் பார்க்க வேண்டியது சத்து அட்டவணையில் நூறு கிராமுக்குச் சீனி எத்தனை கிராம் என்ற வரி. சீனி கலந்த மால்ட், சாக்லெட், காப்பி, தேநீர் மாவுகளில் நூறு கிராமுக்கு 33.3 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அவற்றுக்கு வரி விதிக்கும் முறை 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. அதாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனி என்பதே மிகுதி என்று அரசாங்கம் கணித்த எல்லை. இதற்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் லயங்களிலும் அந்நோயால் காலையும் கண்ணையும் இழந்தோர் உள்ளனர் என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் சேர்க்கைச் சீனி ஐம்பது கிராமைத் தாண்டலாகாது என்றும், இருபத்தைந்துக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவைச் சுருக்கிச் சொல்லலாம். பால் சாக்லெட் கட்டி ஒன்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சாக்லெட்டைக் குளிர்ந்த, உலர்ந்த, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் உருகி மீண்டும் உறைந்த சாக்லெட்டின் மேல் வெண்படலம் பூப்பதுண்டு. அது பூஞ்சணம் அன்று. கொழுப்பு மேலே வந்து படிவது. தின்றால் தீங்கில்லை, சுவைதான் குன்றும். குளிர்பெட்டியில் வைப்பதாயின் காற்றுப் புகாதபடி மூடி வைக்க வேண்டும். இல்லையேல் மீன் வாடையையும் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும்.

பிள்ளைகள் நாய்க்குச் சாக்லெட் கொடுக்க விடக் கூடாது. கொக்கோவில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருள் மனிதருக்குக் கேடு செய்யாத அளவிலேயே நாய்களுக்கு நஞ்சாகிவிடும். கருஞ்சாக்லெட்டும் கொக்கோத் தூளும் இதில் மிகக் கொடியவை.

பிறைக் கடையில் அந்த அம்மையாரோடு இரண்டு உறைகளையும் திருப்பிப் பார்த்தோம். விலை மிக்கதில் சீனிக்கு அடுத்து ‘மெந்தெகா கோக்கோ’, பால் மாவு, ‘ஜிசிம் கோக்கோ’ என்று இருந்தது. மலிவானதில் ‘குலா’, ‘லெமாக் சாயூர்’, அவற்றுக்குப் பின்னரே ‘செர்புக் கோக்கோ’. மலிவானதன் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பொய் ஒன்றும் எழுதப்படவில்லை. எல்லாம் எழுத்தில் இருந்தது, படிப்பார்தான் இல்லை.

அவர் சற்று யோசித்தார். விலை மிக்க கட்டியில் சிறியதாக ஒன்றைப் பேரனுக்கென்று எடுத்தார். லயத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட மலிவானதில் ஒன்றை எடுத்தார். “நம்ம பாலை மட்டும் எவ்வளவு தண்ணி, எவ்வளவு ரப்பர் என்று பார்த்துத்தானே கணக்கு எழுதுகிறார்கள். நாம் காசு கொடுக்கும்போது பார்த்தால் என்ன?” என்றார்.

அவர் சொன்னதில் நாம் சேர்க்க ஒன்றும் இல்லை. அடுத்த முறை கடைக்குச் செல்லும் வாசகர்கள், சாக்லெட்டையோ பான மாவையோ கூடையில் இடுமுன் உறையைத் திருப்பி, வரிசையில் முதல் மூன்று பெயர்களைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எழுத்துச் சிறியதாக இருந்தால் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லலாம். பிள்ளைக்கும் அது ஒரு பாடம்.